தூர் வாராம தொட்டி கட்டாதீங்க! (கார் ஆடியோ பத்தி ஒரு புலம்பல்)

டிஸ்கி: இது கார் வச்சிருக்கறவங்களுக்கு மட்டுமான பதிவு இல்லை. வீட்டுல ஸ்டெபிலைசர் இருக்கறவங்க, வயல்ல மோட்டார் இருக்கறவங்க, புயலுக்குப் பயப்படறவங்க எல்லாரும் படிக்கலாம். நடுவுல கொஞ்சம் கணக்கு வரும். பெருக்கல் வகுத்தல்தான், ஓடிப் போயிடாதீங்க :-)

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைன்னு எந்த ஊருக்கு வேணும்னாலும் போங்க. கார் ஆடியோ மாட்டற கடை கண்டிப்பா இருக்கும். அங்க போய், "அண்ணே, பாட்டு சத்தமா வெச்சா பேஸ் அடிக்கறப்பல்லாம் ஹெட்லைட் மினுக்குது"ன்னு சொல்லிப் பாருங்க. வண்டியத் திறந்துகூடப் பாக்காம பதில் வரும்: "ஒரு கண்டன்சர் போட்டுருவோம் தம்பி." கப்பாசிட்டரைத்தான் நம்ம ஊர் ஒர்க்‌ஷாப் பாஷையில கண்டன்சர்னு சொல்றது. தண்ணி பாட்டில் சைஸ்ல, மேல நீல நிற நம்பர் எரிய, டிக்கியில உக்காந்திருக்குமே, அதான். அதுக்கும் அடங்கலைன்னா அடுத்த மருந்து, "டிக்கியில இன்னொரு பேட்டரி."

என் கட்சி இதுதான்: பெரும்பாலான வண்டிக்கு இந்த ரெண்டுமே வேண்டாம். முதல்ல வேண்டியது தடிமனான காப்பர் வயர், சுத்தமான எர்த், பேட்டரி பக்கத்துல ஒரு பியூஸ். மூணும் பாக்க அழகா இருக்காது, நீல லைட்டும் எரியாது. அதனாலதான் யாரும் விக்கறதுமில்ல, யாரும் கேக்கறதுமில்ல.

கடைமடைக்காரனுக்கு இது தெரிஞ்ச கதைதான்

வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ்னா மத்த ஊர்க்காரங்களுக்குப் பாடமா எடுக்கணும். நமக்குத் தேவையில்ல. மேட்டூர்ல வழக்கமான தேதியான ஜூன் 12-ல தண்ணி திறந்துட்டாங்கன்னு வைங்க. அது கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய்னு பிரியுது. தலைமடையில இருக்கறவன் நாத்து விட்டு, நட்டு, களையும் எடுத்துடுவான். பேராவூரணி, சேதுபாவாசத்திரம் பக்கம் கடைமடையில இருக்கறவன் இன்னும் வாய்க்காலையே பாத்துட்டு நிப்பான். மேட்டூர்ல தண்ணி இல்லாமலா? இருக்கு. வர்ற வழி அடைஞ்சு கிடக்கு. கோரை, ஆகாயத்தாமரை, மண்மேடு, உடைஞ்ச மதகு.

இப்ப அந்தக் கடைமடைக்காரன்கிட்ட போய், "ஐயா, உங்க வயல் ஓரத்துல ஒரு சிமெண்ட் தொட்டி கட்டுங்க, எல்லாம் சரியாயிடும்"னு யாராவது சொன்னா என்ன ஆகும்? மம்முட்டியத் தூக்கிட்டு வருவாரு. "தொட்டிக்குத் தண்ணி எங்கேர்ந்துடா வரும்? வாய்க்காலத் தூர் வாரச் சொல்லு"ம்பாரு.

கார்லயும் அதேதான். முன்னாடி பானெட்டுக்குள்ள பேட்டரியும் டைனமோவும் (புத்தகத்துல ஆல்டர்நேட்டர்) இருக்கு. அது மேட்டூர். பின்னாடி டிக்கியில ஆம்ப்ளிஃபையர் இருக்கு. அது கடைமடை. நடுவுல அஞ்சு மீட்டர் வயர். அது வாய்க்கால். கண்டன்சர்ங்கறது வயல் ஓரத்துத் தொட்டி.

12 வோல்ட்ங்கறது 12 வோல்ட் இல்ல

கார் பேட்டரிக்குள்ள ஆறு செல். ஒவ்வொண்ணும் 2.1 வோல்ட். ஆக முழுசா சார்ஜ் ஆன பேட்டரி இன்ஜின் ஆஃப்ல 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடறப்ப டைனமோவும் அதோட ரெகுலேட்டரும் சேர்ந்து 13.8-லேர்ந்து 14.4 வரைக்கும் நிறுத்தும். பல புது வண்டிகள்ல கம்ப்யூட்டர் பாத்து இதையும் ஏத்தி இறக்குது. பேட்டரி 12.2-க்கு வந்துட்டா ஏறக்குறைய பாதி காலி.

ஆம்ப்ளிஃபையருக்கு இந்த ரெண்டு வோல்ட் எவ்ளோ முக்கியம்? டேஷ்போர்டுல இருக்கற செட்டை எடுத்துக்குவோம். அதுக்குள்ள பெரும்பாலும் டிடிஏ7388 மாதிரி ஒரு சிப்புதான் நாலு ஸ்பீக்கரையும் ஓட்டுது. வோல்டேஜை ஏத்தற வேலையெல்லாம் அதுல கிடையாது. பேட்டரி கொடுக்கறதுதான். 14.4 வோல்ட்டை 4 ஓம் ஸ்பீக்கருக்கு முழுசா அடிச்சாலும், சுத்தமான அலைக்கு 14.4-ஐ 14.4-ஆல பெருக்கி 8-ஆல வகுக்கணும். வர்றது 26 வாட். இயற்பியல் போட்ட உச்சவரம்பு இது.

அப்புறம் ஏன் முகப்புல "50 வாட் × 4"னு ஒட்டியிருக்கு? அதே 14.4-ஐ 14.4-ஆல பெருக்கி 4-ஆல வகுங்க. 52 வருதா? அலையோட தலையும் காலும் முழுசா வெட்டுப்பட்டு, பாட்டு கரகரன்னு சதுர அலையா மாறினா கிடைக்கற வாட் அது. அந்த நிலைமையில அது பாட்டே இல்ல, ரம்பம். பொய்யின்னும் சொல்ல முடியாது, உண்மையின்னும் சொல்ல முடியாது. நம்ம தேர்தல் அறிக்கை மாதிரி :-)

கண்ணு பாக்குது, காது கேக்கல

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். 14.4 வோல்ட் 12-க்கு இறங்கினா அந்த 26 வாட் 18 வாட்டா ஆகுது. "அய்யோ, மூணுல ஒரு பங்கு போச்சே!"ன்னு பதறாதீங்க. காதோட கணக்கு வேற. 26-க்கும் 18-க்கும் உள்ள வித்தியாசம் 1.6 டெசிபல்தான். பாட்டு ஓடறப்ப திடீர்னு ஒரு நொடி அந்த அளவு குறைஞ்சா, உத்துக் கேட்டாத்தான் தெரியும். வாட் ரெண்டு மடங்கானாலும் காதுக்கு 3 டெசிபல்தான் கூடும்.

ஆனா ஹெட்லைட் அப்படியில்ல. பழைய ஹாலஜன் பல்புல வோல்டேஜ் 5 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் சுமார் 16 சதவீதம் குறையும். அதே 5 சதவீதத்துக்குக் காதுல குறையறது அரை டெசிபல்கூட இல்ல. அதாவது, உங்க கண்ணு கண்டுபிடிக்கற வியாதி உங்க காதுக்கு வந்த வியாதி இல்ல. கண்டன்சர் வியாபாரம் மொத்தமும் இந்த இடைவெளியிலதான் நடக்குது. போட்டதும் லைட் மினுக்கறது கொஞ்சம் மட்டுப்படும். "பாத்தீங்களா தம்பி?"ம்பாங்க. நாமளும் பாத்துட்டோம். காசக் கொடுத்தோம். கேட்டோமா?

வோல்டேஜ் இறங்கறதுல காதுக்கு உண்மையான கெடுதல் வேற இடத்துல இருக்கு. ஆம்ப்புக்கு மேல எழும்ப இடம் குறையுது. வால்யூமைக் குறைக்காம அப்படியே வெச்சா அலையோட தலை வெட்டுப்பட ஆரம்பிக்கும். அதுதான் கரகரப்பு. தொடர்ந்து அப்படி ஓட்டினா முதல்ல சாகறது பாவம், சின்ன ட்வீட்டர். அதுக்கு வைத்தியம் வால்யூமைக் கொஞ்சம் இறக்கறது. பைசா செலவில்ல.

தொட்டியில எவ்ளோ தண்ணி?

சரி, கண்டன்சர்ல என்னதான் இருக்குன்னு பாத்துடுவோம். கடையில விக்கறது வழக்கமா ஒரு ஃபேரட். நிஜமாவே ஒரு ஃபேரட்னு நம்பிக்குவோம் (நம்பிக்கைதானே வாழ்க்கை). 14.4 வோல்ட்ல அதுக்குள்ள இருக்கற சக்தி சுமார் 104 ஜூல். 12-க்கு இறங்கறப்ப மிச்சம் 72. நடுவுல அது கொடுத்தது 32 ஜூல்.

உங்ககிட்ட நிஜமான 500 வாட் கிளாஸ்-டி ஆம்ப் இருக்குன்னு வைங்க. 80 சதவீதத் திறன்னு பாத்தா அது பேட்டரியிலேர்ந்து இழுக்கறது 625 வாட். 32 ஜூல் அதுக்கு எவ்ளோ நேரம் தாங்கும்? நொடியில இருபதுல ஒரு பங்கு. ஒரு தவில் அடிகூட முழுசா முடியாது. முடிஞ்சதும் தொட்டி காலி. அதை மறுபடி ரொப்பறது யாரு? அதே அடைஞ்சு போன வாய்க்கால்தான்!

அதுக்குப் பக்கத்துல சின்ன கார்ல வர்ற சாதாரண 35 ஆம்பியர்-அவர் பேட்டரிய வெச்சுப் பாருங்க. அதுக்குள்ள இருக்கறது சுமார் 15 லட்சம் ஜூல். 15 லட்சம் ஜூல் முன்னாடி இருக்கறப்ப, பின்னாடி 32 ஜூலுக்குத் தொட்டி கட்டறோம். ஏரி நிறைஞ்சிருக்கு, வாசல்ல சொம்பு வாங்கி வைக்கறோம்.

கண்டன்சரே வீண்னு நான் சொல்லல. ஆம்ப்புக்குள்ளயே அந்த வேலைக்குன்னு கண்டன்சர் இருக்கு, அது இல்லாம ஆம்ப்பே ஓடாது. வயர், எர்த், பேட்டரி, டைனமோ நாலும் ஒழுங்கா இருக்கற வண்டியில, கடைசி நகாசு வேலையா ஒண்ணு சேத்துக்கறவங்களோட எனக்குச் சண்டையில்ல. முதல் வேலையா அதைப் பண்ணாதீங்கங்கறதுதான் சண்டை.

வாய்க்கால் கணக்கு

அதே 625 வாட், 12.5 வோல்ட். வகுத்தா 50 ஆம்பியர். அஞ்சு மீட்டர் நீளம், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் போட்டிருக்காங்கன்னு வைங்க. பானெட்டுலேர்ந்து டிக்கி போறதுக்குள்ள ஒரு வோல்ட்டுக்கு மேல வழியிலயே செத்துடும். அந்த ஒரு வோல்ட் எங்க போச்சு? வயர்ல சூடா ஆச்சு. ஒரு வோல்ட் × 50 ஆம்பியர் = 50 வாட். உங்க கார்ப்பெட்டுக்கு அடியில, காத்தோட்டமே இல்லாத இடத்துல, ஒரு சின்ன சால்டரிங் அயனை நீட்டிப் படுக்க வெச்ச மாதிரி.

16 சதுர மில்லிமீட்டர் காப்பர் போட்டா அந்த இழப்பு கால் வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல, அவ்ளோதான். இதுதான் தூர் வாரறது.

இதுலயும் ஒரு தில்லுமுல்லு உண்டு. "ஆம்ப் கிட்"னு பளபளன்னு சிவப்பு ரப்பர் போட்டு மலிவா விக்கற வயர்ல பலதும் காப்பர் இல்ல. அலுமினியத்துக்கு மேல காப்பர் பூச்சு. அதே தடிமன்ல இழப்பு ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு. வெளியில ரப்பர் தடியா இருக்கும், உள்ள கம்பி ஒல்லியா இருக்கும். நுனியைக் கத்தியால சுரண்டிப் பாருங்க. வெள்ளையாத் தெரிஞ்சா வெச்சுட்டு வந்துடுங்க. தூக்கிப் பாத்தாலே தெரியும், காப்பர் கனக்கும்.

அப்புறம் எர்த். போற வழிக்கு ஆயிரக்கணக்குல செலவு பண்ணிட்டு, வர்ற வழிய டிக்கியில கையில சிக்கின ஒரு போல்ட்டுல, பெயிண்ட் மேலயே முறுக்கி விட்டுட்டுப் போறவங்க இருக்காங்க. பெயிண்ட் கரண்ட்டைக் கடத்தாது சாமி. அதைச் சுரண்டி, பளபளன்னு இரும்பு தெரிஞ்ச இடத்துல லக் வெச்சு இறுக்கணும். நம்ம கடற்கரை ஊர்கள்ல உப்புக் காத்து வேற. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் வண்டி வெச்சிருக்கறவங்க வருஷம் ஒருக்கா அந்த போல்ட்டைக் கழட்டித் துடைச்சுட்டு மாட்டினாலே பாதி வியாதி போயிடும்.

ஸ்டெபிலைசர் கதை

"நான் ரெகுலேட்டட் சப்ளை இருக்கற நல்ல ஆம்ப் வாங்கியிருக்கேன், எனக்கு வோல்டேஜ் இறங்கினாக் கவலையில்ல"ன்னு சிலர் சொல்லுவாங்க. பாதி உண்மை. பெரிய ஆம்ப்புக்குள்ள டிஎல்494 மாதிரி ஒரு ஐசி, சில மாஸ்ஃபெட், வளையம் மாதிரி ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அதுதான் 12 வோல்ட்டை வேண்டிய அளவுக்கு ஏத்திக் கொடுக்குது. ரெகுலேட்டட் வகைன்னா, பேட்டரி இறங்கினாலும் உள்ள வோல்டேஜ் இறங்காமப் பாத்துக்கும். எப்படிப் பாத்துக்கும்? இன்னும் அதிக கரண்ட்டை இழுத்து. அதிக கரண்ட் இழுத்தா ஒல்லி வயர்ல இழப்பு இன்னும் கூடும். வோல்டேஜ் இன்னும் இறங்கும். அது இன்னும் இழுக்கும்.

இதை நம்ம கிராமத்துல பாத்ததில்லையா? டிரான்ஸ்ஃபார்மர்லேர்ந்து கடைசிக் கம்பத்து வீடு. சாயங்காலம் 170 வோல்ட். பேன் சோம்பேறியா சுத்தும். வீட்டுக்காரர் ஸ்டெபிலைசர் வாங்குவாரு. அது 170-ஐ 230 பக்கமா ஏத்தும், பதிலுக்கு லைன்லேர்ந்து அதிக ஆம்பியர் இழுக்கும். பக்கத்து வீட்டுக்கு 165 ஆகும். அவரும் ஸ்டெபிலைசர் வாங்குவாரு. தெருவே ஸ்டெபிலைசர் வாங்கினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வயல்ல மோட்டாரும் அப்படித்தான். லோ வோல்டேஜ்ல ஓடறப்ப அதிக கரண்ட் இழுத்து சூடாகி, காயில் எரிஞ்சு, மறுபடி காயில் கட்ட டவுனுக்குத் தூக்கிட்டுப் போகணும். கேக்க வேண்டியது புது டிரான்ஸ்ஃபார்மரும் தடிமனான கம்பியும். அது கூட்டா நின்னு, மனு கொடுத்துக் கேட்டாத்தான் கிடைக்கும். ஸ்டெபிலைசரைத் தனியாப் போய் வாங்கிடலாம். அதான் எல்லாரும் அதை வாங்கறோம்.

மைக் செட்காரரைக் கேளுங்க

12 வோல்ட்டுல ஊரையே எழுப்பற வித்தை நம்ம ஊருக்குப் புதுசா என்ன? கோயில் திருவிழா, காதுகுத்து, சாவு வீடு, தேர்தல் ஜீப். கரண்ட் இருந்தாலும் இல்லாட்டியும் பாட்டு நின்னதில்ல. அஹூஜா மாதிரி கம்பெனிகளோட மைக் செட் ஆம்ப்ளிஃபையர் பலதுலயும் பின்பக்கம் 230 வோல்ட்டும் உண்டு, பேட்டரிக்கு 12 வோல்ட் டெர்மினலும் உண்டு. கரண்ட் போனா பேட்டரி. பேக்கப் பவர்ங்கற வார்த்தைய நாம கத்துக்கறதுக்கு முன்னாடியே அவங்க அதுல குடும்பம் நடத்திட்டாங்க.

அவங்க எப்படி சமாளிச்சாங்க? வாட்டை ஏத்தி இல்ல. குழாய் ஸ்பீக்கர். ஒரு வாட் கொடுத்தா ஒரு மீட்டர்ல 100 டெசிபலைத் தாண்டற சாமான் அது. நம்ம கார் ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டுக்கு 88, 90-னு முக்கும். 12 டெசிபல் வித்தியாசம்னா 16 மடங்கு வாட். அதாவது அவரோட 10 வாட்டுக்கு ஈடா நாம 160 வாட் எரிக்கணும். (குழாயில கேக்கறது இனிமையான்னு கேக்காதீங்க, அது வேற பஞ்சாயத்து. ராத்திரி 10 மணிக்கு மேல காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதியே இருக்கு.)

அதுக்கும் முன்னாடி போனா நாதஸ்வரம். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல புவிசார் குறியீடு கிடைச்சது. ஆச்சா மரம், கீழ வாய் விரிஞ்ச அணசு. பேட்டரியும் இல்ல, வயரும் இல்ல. மூச்சுக் காத்தை வீணாக்காம வெளிய தள்ளற வடிவம். நாலு வீதிக்கும் கேக்கும். நம்ம மண்ணுல சத்தத்துக்கான முதல் பாடமே "குறைச்சலா இழு, வீணாக்காதே"ங்கறதுதான். கார் ஆடியோவுலயும் வாட்டை இரட்டிப்பாக்கறதுக்கு பதிலா 3 டெசிபல் கூடுதல் திறன் உள்ள ஸ்பீக்கரை வாங்குங்க. அதே சத்தம், பாதி கரண்ட். கடையில வாட்டைக் கேக்காதீங்க, சென்சிடிவிட்டி எவ்ளோன்னு கேளுங்க. அட்டைப்பெட்டியில சின்ன எழுத்துல போட்டிருப்பான்.

பேட்டரி யாருக்காக?

இவ்ளோ நேரம் காசு கணக்கு. இனிமே சொல்லப் போறதுதான் நான் இந்தப் பதிவை எழுத உக்காந்ததுக்கே காரணம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கத்துல கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்கள்ல ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பம் சாஞ்சது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு மொத்தமும் படுத்துடுச்சு. பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்காச்சு. வெளி மாவட்டத்துலேர்ந்து எல்லாம் மின்வாரிய ஆளுங்க வந்து சேத்துல நின்னு கம்பம் நட்டாங்க. அந்த மாதிரி நாள்ல ஒரு கிராமத்துல மிச்சம் இருக்கற மின்சாரம் எங்க இருக்கும்? இன்வெர்ட்டர் முதல் நாளே படுத்துடும். மிச்சம் வாசல்ல நிக்கற கார், டிராக்டர், லோடு ஆட்டோ. அதுங்களோட பேட்டரி.

35 ஆம்பியர்-அவர் பேட்டரில பாதிய மட்டும் எடுத்தாலும் ஏறக்குறைய 200 வாட்-அவர். இன்னைக்கு இருக்கற போன்களை எட்டு, பத்து தடவை சார்ஜ் பண்ணலாம். இல்ல, ஒரு 9 வாட் எல்இடி விளக்கை ரெண்டு ராத்திரி எரிக்கலாம். மிச்சப் பாதியில வண்டி செல்ஃப் எடுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

அதே பாதிய நம்ம 500 வாட் ஆம்ப், இன்ஜின் ஆஃப்ல, எவ்ளோ நேரத்துல குடிக்கும்? பாட்டுல எப்பவும் முழு இழுப்பு இருக்காது, மூணுல ஒரு பங்குன்னே வைங்க. 17 ஆம்பியர். ஒரு மணி நேரம். ஆத்தங்கரையில வண்டிய நிறுத்தி, நாலு கதவையும் திறந்து வெச்சு, நண்பர்களோட ஒரு மணி நேரம். அவ்ளோதான். அதுக்கப்புறம் செல்ஃப் எடுத்தா உங்க அதிர்ஷ்டம். கார்ல வர்ற பேட்டரி வேற ரகம். ஒரே மூச்சுல 100, 200 ஆம்பியர் கொடுத்து இன்ஜினைச் சுத்திவிடத்தான் அதைச் செஞ்சிருக்கான். அடிவரைக்கும் உறிஞ்சி உறிஞ்சி சார்ஜ் பண்ணா அது சீக்கிரம் செத்துடும். வீட்டு இன்வெர்ட்டர்ல இருக்கற டியூபுலர் பேட்டரிதான் அந்த அடியைத் தாங்கும்.

அப்ப ரெண்டாவது பேட்டரி யாருக்கு? இன்ஜின் ஆஃப்ல மணிக்கணக்கா ஓட்டியே ஆகணும்ங்கறவங்களுக்கு. விளம்பர ஆட்டோ, பிரச்சார வண்டி, மொபைல் மைக் செட். அவங்களுக்கு அது தொழில். ஆனா நடுவுல ரிலே வெச்சுப் பிரிக்கணும். இன்ஜின் ஓடறப்ப ரெண்டும் சேந்து சார்ஜ் ஆகணும், ஆஃப் பண்ணா பிரிஞ்சுடணும். அப்பத்தான் பின்னாடி பேட்டரி காலியானாலும் முன்னாடி பேட்டரி வண்டிய எடுக்கும். ரிலே இல்லாம நேரா சேத்துக் கட்டினா, ஒண்ணு சாகற இடத்துல ரெண்டு சாகும். அதோட டைனமோ பழைய டைனமோவேதான்ங்கறதையும் மறந்துடக் கூடாது. ரெண்டாவது ஏரி வெட்டினா மேட்டூர்ல மழை கூடவா பெய்யப் போகுது?

"நான் போட்டுப் பாத்தேன், வித்தியாசம் தெரியுதே!"

இப்படிக் கேக்கப் போறீங்கன்னு தெரியும். தெரியலாம். கண்டன்சர் மாட்டறப்ப கடைக்காரர் பழைய லக்கைக் கழட்டி, துடைச்சு, இறுக்கி மாட்டியிருப்பாரு. எர்த்தைப் புதுசா அடிச்சிருப்பாரு. வித்தியாசம் அதுலேர்ந்து வந்திருக்கலாம். எதுக்கு சந்தேகம்? 300, 400 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க. செலவு அவ்ளோதான். அப்புறம் இப்படி:

1. இன்ஜின் ஓடட்டும், பாட்டு சத்தமா ஓடட்டும். மீட்டரோட ஒரு முனை பேட்டரி பிளஸ்ல, இன்னொண்ணு ஆம்ப் பிளஸ்ல (நீளமா ஒரு வயர் வேணும், மெல்லிசா இருந்தாலும் போதும்). என்ன காட்டுதோ அதுதான் வாய்க்கால்ல செத்த வோல்டேஜ்.

2. அதே மாதிரி பேட்டரி மைனஸுக்கும் ஆம்ப் மைனஸுக்கும். இது எர்த்தோட லட்சணம்.

3. ரெண்டும் சேந்து அரை வோல்ட்டைத் தாண்டினா வயரையும் எர்த்தையும் மாத்துங்க. வேற எதையும் வாங்காதீங்க.

4. ரெண்டும் நல்லா இருந்து, பேட்டரி முனையிலயே 13-க்குக் கீழ இறங்கினா, குறை டைனமோவுலயோ பேட்டரியிலயோ. ஆட்டோ எலக்ட்ரீஷியன்கிட்ட போங்க, ஆடியோ கடைக்கு இல்ல.

5. செல்ஃப் அடிக்கறப்ப பேட்டரி முனையில 9.6-க்குக் கீழ போனா பேட்டரிக்கு வயசாச்சு. ஐப்பசி மழைக்கு முன்னாடியே மாத்திடுங்க.

கடைசியா, பியூஸ். இதுல மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்கற புத்தி கிடையாது. பியூஸ் ஆம்ப் பக்கத்துல இல்ல, பேட்டரி பக்கத்துல, ஒண்ணரை அடிக்குள்ள இருக்கணும். பியூஸ் காப்பாத்தறது ஆம்ப்பை இல்ல, வயரை. நடுவுல எங்கயாவது கதவு ஓரத்துல வயர் உரசி ரப்பர் கிழிஞ்சு பாடியில பட்டா, பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரை அதுல கொட்டும். பியூஸ் டிக்கியில உக்காந்திருந்தா அதுக்கு விஷயமே தெரியாது. வயர் பழுத்து கார்ப்பெட் பத்திக்கும். பின் சீட்டுல குழந்தைங்க உக்காந்து வர்ற வண்டி மக்களே அது.

அதனால அடுத்த தடவை கடையில "கண்டன்சர் போட்டுருவோமா?"ன்னு கேட்டா, "மொதல்ல பியூஸ் எங்க இருக்குன்னு காட்டுங்க"ன்னு கேளுங்க. அவர் டிக்கியத் திறந்தாருன்னா, வண்டிய எடுத்துட்டு நேரா வீட்டுக்கு வந்துடுங்க.

மாற்றுக் கருத்து இருக்கறவங்க பின்னூட்டத்துல தாராளமா கும்மலாம். ஆனா மீட்டர் வெச்சு அளந்துட்டு வந்து கும்முங்க :-)